அலமாரி கடைசி வேலை: டெல்டா வீடொன்றின் போர்டு கேம் அறை

நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, பாசன வாய்க்கால் கரையை ஒட்டிய ஒரு நாட்டு ஓட்டு வீடு. பின்கட்டில் முன்பு நெல் பத்தாயம் இருந்த 12 அடிக்கு 10 அடி அறையை விளையாட்டு அறையாக மாற்றியிருக்கிறார்கள். தொகுப்பில் 58 பெட்டிகள். கட்டான், கார்கசோன், டிக்கெட் டு ரைடு, ஸ்ப்ளெண்டர், அசூல் போன்ற புதிய போர்டு கேம்கள் பாதிக்கு மேல். மீதி ஸ்கிராபிள், மோனோபோலி, ரம்மிக்யூப், சீட்டுக்கட்டுகள். இவை போக மரப் பல்லாங்குழி, பித்தளைத் தாயக்கட்டை இரண்டு ஜோடி, ஒரு படி சோழி, ஆடுபுலி ஆட்டப் பலகை, கேரம் போர்டு, செஸ் செட் இரண்டு. விஸ்வநாதன் ஆனந்த் 1969இல் பிறந்த மயிலாடுதுறையும், சதுரங்க வல்லபநாதர் கோயில் கொண்ட பூவனூரும் இதே படுகையில் இருப்பதாலோ என்னவோ, செஸ் செட்டுக்கு மட்டும் இந்த வீட்டில் ஆரம்பத்திலிருந்தே தனி மரியாதை. மற்றவை எல்லாம் அட்டைப் பெட்டியாகப் பரணில் கிடந்தவை.

போர்டு கேம் அறை அமைப்பது பற்றிய ஆலோசனைகள் பெரும்பாலும் அலமாரியில்தான் தொடங்குகின்றன: எந்த அளவு, எந்த நிறம், பெட்டியை நிறுத்துவதா படுக்கவைப்பதா. டெல்டாவில் அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் முடிவு. முதலில் சுவர், அடுத்தது காற்று, பிறகு பெட்டியின் உள்ளே, எல்லாவற்றுக்கும் கடைசியில் அலமாரி. இந்த வீட்டில் முதல் முறை நடந்தது இதற்கு நேர்மாறு. அதனால் ஒரே மழைக்காலத்தில் என்னென்ன கெட்டது, ஏன் கெட்டது என்பதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

முதல் அடுக்கும் அது கெட்ட விதமும்

சித்திரை மாதத்தில் வேலை முடிந்தது. மேற்குச் சுவரோடு ஒட்டி, தரையில் உட்கார்ந்தபடி, கண்ணாடிக் கதவு போட்ட பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை) அலமாரி. பெட்டிகளை முதுகு நிறம் பார்த்து வரிசையாக அடுக்கினார்கள். அப்போது சுவர் காய்ந்திருந்தது, அறையில் வாடை ஏதும் இல்லை.

கார்த்திகைக்குள் நான்கு கேடுகள் சேர்ந்து தெரிந்தன. அலமாரியின் அடித்தட்டு ஊதி, ஓரத்து லேமினேட் உரிந்தது. பார்ட்டிக்கிள் போர்டு ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. கீழ் இரண்டு தட்டுப் பெட்டிகளில் மூடி இறுகிக்கொண்டது. இழுத்ததில் மூலைகள் கிழிந்தன. மடிக்கும் போர்டுகள் மேசையில் படியாமல் நான்கு ஓரமும் தூக்கி நின்றன. ராமபாணப் பூச்சி (சில்வர்ஃபிஷ்) பழைய சீட்டுக்கட்டின் ஓரத்தையும், பெட்டி மூலையில் இருந்த பசையையும் அரித்திருந்தது. இவற்றோடு சேராத இன்னொன்றும் உண்டு: கார்டுகளைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டுகள் கோடை வெயிலில் இளகி, மேல் கார்டிலும் கீழ்க் கார்டிலும் பழுப்புக் கோடாக ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கறை போகவே போகாது. கார்டை எதனால் கட்டினாலும் ரப்பர் பேண்டால் மட்டும் கட்டக் கூடாது.

போர்டு ஏன் வளைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. போர்டின் ஒரு முகத்தில் வழவழப்பான அச்சுத்தாள், மறுமுகத்தில் சாதாரணத் தாள். ஈரக் காற்றில் பின்தாள் அதிகம் உறிஞ்சி நீள்கிறது, அச்சுத்தாள் அவ்வளவு நீள்வதில்லை. விளைவு, அச்சு முகம் உட்குழிந்து ஓரங்கள் மேலே எழும்புகின்றன. நன்றாகக் காய்ந்தால் வளைவு மறுபக்கம் திரும்பும். ஆகவே வளைந்த போர்டை வெயிலில் வைத்து நிமிர்த்தப் பார்ப்பது தவறு. எதிர்ப்பக்கம் வளைத்துவிட்டு வருவீர்கள்.

சுவர்: கோடையில் பார்த்து நம்பக் கூடாது

இந்த அறையில் ஈரம் இரண்டு வழியாக வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்று எல்லோருக்கும் தெரிந்த வழி. இன்னொன்று சுவரின் வழியாக ஏறும் ஓதம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படுவது பாசனக் கணக்கு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் அந்த மாதங்களில் கரையோர வீடுகளில் நிலத்தடி நீர் மட்டம் ஏறி, அஸ்திவாரத்தில் தடுப்பு இல்லாத பழைய சுவர்கள் அதை உறிஞ்சுகின்றன. மழை பெய்யாமலே ஆடிப்பெருக்குக்குப் பிறகு சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொடிந்து விழுவது இதனால்தான். ஓதம் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அலமாரியின் கீழ் இரண்டு தட்டு மட்டும் ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை அந்த ஒரு மீட்டரில் இருந்தது.

எந்தச் சுவர் என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக ஈரம் இருந்தால் அது சுவரிலிருந்து வருவது. அறைப் பக்கம் ஈரம் இருந்தால் காற்றிலிருந்து படிவது. இதை ஆவணி முதல் ஐப்பசிக்குள் செய்ய வேண்டும். சித்திரையில் செய்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்.

இந்த வீட்டில் மேற்குச் சுவரும், வாய்க்காலைப் பார்த்த தெற்குச் சுவரும் ஈரம் காட்டின. கிழக்குச் சுவருக்கு அப்பால் முற்றம், அது காய்ந்திருந்தது. அலமாரி கிழக்குக்கு மாறியது. மேற்குச் சுவரில் யாரோ அடித்திருந்த பிளாஸ்டிக் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஓதச் சுவருக்கு மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்; சுண்ணாம்பு பொடிந்தாலும் சுவரை மூச்சுவிட விடும். வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டியிருப்பதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை.

காற்று: அளந்து பார்த்த பிறகே மருந்து

அட்டைக்கும் தாளுக்கும் ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். 65, 70ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் தொடங்கும். மழைக்காலத்தில் திறந்த ஜன்னலோடு இதைக் காப்பாற்ற முடியாது. முதலில் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். மலிவானவற்றில் ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கும். அதைச் சரிபார்க்க ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் கருவியையும் ஒரு ஜிப்லாக் கவருக்குள் வைத்து மூடி ஓர் இரவு விடுங்கள். உள்ளே 75 சதவீதம் நிற்கும். கருவி 71 காட்டினால் அது எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று மேலே எழுதி ஒட்டிவிடலாம்.

ஏசி ஓடும்போது காற்று காய்கிறது, நிறுத்தியதும் வெளிக்காற்று புகுந்து குளிர்ந்த பெட்டிகள் மேல் படிகிறது. தினம் இரண்டு மணி நேரம் மட்டும் ஏசி போடும் அறையில் பெட்டிகள் ஏசி இல்லாத அறையைவிட மோசமாகலாம். காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹ்யூமிடிஃபையர் நல்ல கருவி, ஆனால் கதவும் ஜன்னலும் சாத்தியிருக்க வேண்டும், மின்சாரமும் இருக்க வேண்டும். நாட்டு ஓட்டுக் கூரையில் இடுக்குகள் ஆயிரம். தவிர, 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது டெல்டாவில் பல ஊர்கள் நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தன. ஈரம் உச்சத்தில் இருக்கும் நாளும் கரண்ட் போகும் நாளும் இங்கே ஒன்றாகத்தான் வருகின்றன. மின்சாரத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு இந்த மண்ணுக்கு ஏற்பாடே இல்லை.

அதனால் தொகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஈரத்தில் சட்டென்று கெடுபவை, மறுபடி வாங்கக் கடினமானவை ஆகிய 14 பெட்டிகள் ரப்பர் விளிம்பும் கிளிப்பும் உள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் போயின. மற்றவை திறந்த ரேக்கில். 72 அட்டை ஓடுகள் கொண்ட கார்கசோன் முதல் வகை. அதில் ஓர் ஓடு வளைந்தாலும் பக்கத்து ஓட்டோடு சேராது, முதுகைப் பார்த்தே எந்த ஓடு என்று தெரிந்துவிடும், ஆட்டமே போச்சு.

டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடும்போது ஒரு கணக்கு உண்டு. மழைக்கால ஈரத்தில் அட்டை தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். 6 சதவீதத்துக்கு இறக்க வேண்டுமென்றால் ஒரு கிலோ அட்டையிலிருந்து 30 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். 100 கிராம் ஜெல் நடைமுறையில் 20 முதல் 30 கிராம்தான் குடிக்கும். ஈரமான நான்கு பெட்டியை உள்ளே வைத்து 200 கிராம் ஜெல் போட்டால், அது முதல் வாரத்திலேயே நிறைந்துவிடும். எனவே பெட்டியைக் காய்ந்த பருவத்தில் அடைக்க வேண்டும். பங்குனியில் அடைத்தால் 40 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம் போதும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் அவனில் வைத்தால் மீண்டும் பயன்படும். அதற்கென்று தனித் தட்டு வையுங்கள், சமையலுக்கு அதை எடுக்காதீர்கள். திறந்த ரேக்கில் ஜெல் பொட்டலம் வைப்பது வீண். அது ஊரின் காற்றையே காயவைக்கப் பார்க்கும்.

பூச்சிக்கு அந்துருண்டை வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. போர்டு கேம் பெட்டிக்குள் அது கூடாது. நாஃப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக் காய்களை, குறிப்பாகப் பாலிஸ்டைரினை, இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். வாடை கார்டை விட்டுப் போகாது. குழந்தைகள் அந்தக் கார்டை வாயிலும் வைப்பார்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றோடு கற்பூரமும் சேர்த்துப் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் புகழ்பெற்றது. அந்தப் பொட்டலத்தை இங்கேயும் வைத்தார்கள், கற்பூரத்தை மட்டும் விட்டுவிட்டு. கற்பூரமும் பிளாஸ்டிக்கை இளக்கும். ஒரு தட்டுக்கு இரண்டு பொட்டலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது. இது பூச்சியை விலக்கும், கொல்லாது. ராமபாணம் ஏற்கெனவே குடியிருந்தால் பெட்டியைக் காலி செய்து, மூலைகளைத் தூரிகையால் துடைத்து, ஈரத்தைக் குறைத்தால்தான் போகும்.

பெட்டியின் உள்ளே

அறையைவிட அதிக நேரம் இதற்குத்தான் பிடித்தது, பிடிக்கவும் வேண்டும். வெளியே எவ்வளவு அழகாக அடுக்கினாலும், உள்ளே ஒரு காய் குறைந்த பெட்டி இடத்தை அடைக்கும் அட்டைதான்.

ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, எண்ணி, ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை உறையில் போட்டு மூடியின் உட்புறம் சொருகினார்கள். மைதாப் பசை போட்டு ஒட்டவில்லை, அது ராமபாணத்துக்கு விருந்து. கட்டான் தாள் இப்படி இருந்தது: அறுகோண நிலம் 19, கடல் சட்டம் 6, எண் வட்டம் 18, வளக் கார்டு 95 (ஐந்து வகை, வகைக்கு 19), முன்னேற்றக் கார்டு 25, டைஸ் 2, கொள்ளையன் 1, ஒவ்வொரு நிறத்திலும் வீடு 5, நகரம் 4, சாலை 15. நிறத்துக்கு 24 காய் என்பதால் ஆள் ஒருவருக்கு ஒரு ஜிப்லாக் கவர். ஆட்டம் தொடங்கும்போது கவரைக் கையில் கொடுத்தால் போதும். மரக்காய்களை எல்லாம் ஒரே கவரில் கொட்டி வைத்திருந்தபோது பலகை பரப்பவே கால் மணி நேரம் ஆனது.

எண்ணுவதில் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது நல்ல முடிவு. எண் வட்டங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பையன் கேட்டான்: “பெரியப்பா, ரெண்டுல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு தொலைஞ்சுடுச்சா?” “இல்லடா, ரெண்டும் பன்னெண்டும் ஒத்தைதான். ஏழு கிடையாது. மத்த எட்டும் ஜோடி ஜோடியா இருக்கணும், பாரு.” எட்டு ஜோடி 16, ஒற்றை இரண்டு, மொத்தம் 18. இந்த மாதிரி உள்ளமைப்பைத் தாளிலேயே எழுதிவிட்டால், ஒன்று தொலையும்போது எது தொலைந்தது என்று உடனே தெரியும், அட்டை வெட்டி மாற்றுக் காயும் செய்துகொள்ளலாம். டிக்கெட் டு ரைடில் நிறத்துக்கு 45 ரயில் பெட்டி. அதோடு நிறத்துக்கு 3 உபரி தருகிறார்கள். உபரியைத் தனிக் கவரில் வைக்காவிட்டால் 48 எண்ணிக்கையாகி ஆட்டத்தின் முடிவே தள்ளிப்போகும்.

கார்டை எடை போட்டு எண்ணும் வழி ஒன்று உண்டு: பத்து கார்டை நிறுத்து, மொத்த எடையை வகுப்பது. சாதாரண 63.5 × 88 மி.மீ. கார்டு ஒன்று 1.7 கிராம் சொச்சம். கோடையில் இந்தக் கணக்கு சரியாக வரும். ஆனால் கோடையில் எடுத்த எடையை வைத்து மழைக்காலத்தில் எண்ணினால் தவறும். தாள் மூன்று சதவீதம் ஈரம் ஏற்றிக்கொண்டால் நூறு கார்டில் மூன்று கார்டு கூடுதலாகக் காட்டும். அன்றன்று பத்து கார்டை நிறுத்துத்தான் தொடங்க வேண்டும்.

கார்டு உறை போடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இந்தக் காற்றில் அது ஆடம்பரமல்ல. பாலிப்ரொப்பிலீன் உறை மட்டும் வாங்குங்கள், பி.வி.சி. உறை வெயிலில் இளகி அச்சில் ஒட்டும். உறையின் தடிமன் ஒரு பக்கத்துக்குச் சொல்லப்படுகிறது: 50 மைக்ரான் என்றால் கார்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 0.1 மி.மீ. 110 கார்டுள்ள கட்டு 11 மி.மீ. உயரும். 100 மைக்ரான் போட்டால் 22 மி.மீ. அந்த உயரம் பெட்டியின் உள்தட்டில் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்க வேண்டும். இந்த வீட்டில் இரண்டு பெட்டிகளில் உறை போட்ட பின் மூடி விரலளவு தூக்கி நின்றது. அந்த இடுக்கு வழியாகத்தான் பூச்சி போனது. எல்லாவற்றுக்கும் உறை தேவையில்லை. கையில் குலுக்கப்படும் கார்டு, அச்சு முதுகுள்ள கார்டு, மறுபடி கிடைக்காத கார்டு ஆகிய மூன்றுக்கும் போட்டால் போதும். உறை போடும் வேலை பங்குனி சித்திரையில். மழைநாளில் போட்டால் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகும்.

ஜிப்லாக் கவர்களின் மூலையில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். காற்று நின்றால் கவர் உப்பி மூடியைத் தூக்கும், உள்ளே ஈரமும் தங்கும்.

உள்தட்டு செய்ய 5 மி.மீ. சன்போர்டு (பி.வி.சி. நுரைப் பலகை) போதும், விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும். கட்டர் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டாமல் மூன்று இழுப்பில் வெட்டினால் ஓரம் பிசிறாது. உள் அளவைவிட இரு பக்கமும் 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள், மழையில் பெட்டிச் சுவர் உள்வாங்கினால் தட்டு சிக்கிக்கொள்ளும். எல்லாப் பெட்டிக்கும் தட்டு செய்வது தேவையற்ற வேலை. இங்கே ஒன்பது பெட்டிக்கு மட்டும் செய்தார்கள், மற்றவற்றுக்குக் கவரே போதுமானது.

கடைசியாக அலமாரி

இணையப் படங்களில் பெரும்பாலும் காண்பது ஐக்கியாவின் கல்லாக்ஸ் வகைச் சதுரக் கட்ட அலமாரி. உள் கட்டம் 33 செ.மீ. சதுரம், பெரிய பெட்டிகள் ஏறத்தாழ 30 செ.மீ. சதுரம் என்பதால் அது பொருந்துகிறது. ஆனால் அது பார்ட்டிக்கிள் போர்டும் தேன்கூட்டுக் காகித நிரப்பும் கொண்ட பொருள். ஓதம் ஏறும் அறைக்கு அது ஆகாது. மரம்தான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மெரைன் பிளைவுட்டில், 75 செ.மீ.க்கு மேல் தட்டு நீளம் போகாமல் செய்யச் சொல்லுங்கள். நீளம் கூடினால் நடுவில் தொய்யும்.

இங்கே தேர்ந்தெடுத்தது பவுடர் கோட்டிங் செய்த ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையாகத் துளையிட்ட கால்கள் உள்ள) இரும்பு ரேக் இரண்டு, தட்டு 36 அங்குலத்துக்கு 15 அங்குலம். கரையான் அரிக்க ஒன்றுமில்லை, தட்டை நட்டு போல்ட்டில் ஏற்றி இறக்கலாம். சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி நிறுத்தி, மேலே எல் கிளாம்பால் சுவரோடு பிடித்திருக்கிறது. அடித்தட்டு தரையிலிருந்து 30 செ.மீ. காலுக்குப் பிளாஸ்டிக் புஷ். தட்டின் மேல் சன்பேக் ஷீட் (உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தாள்). குளிர்ந்த இரும்பில் படியும் ஈரம் அட்டையில் ஏறாது. தட்டுகள் 30, 66, 102, 138, 174 செ.மீ. உயரத்தில். 30 செ.மீ. பெட்டியை நிறுத்தி வைத்து மேலே கை நுழைய அந்த 36 செ.மீ. இடைவெளி வேண்டும். பெட்டிக்கும் பெட்டிக்கும் அரை செ.மீ. விட்டால் 7 செ.மீ. தடிமனில் ஒரு தட்டுக்கு 11, 12 நிற்கும். நெருக்கி 13 ஆக்கினால் இழுக்கும்போது பக்கத்துப் பெட்டியின் காகிதம் உரியும்.

நிறுத்துவதா படுக்கவைப்பதா என்பதில் எங்கள் பார்வை தெளிவானது: நிறுத்த வேண்டும். அடுக்கினால் அடிப்பெட்டியின் மூடி அமுங்கும், எடுக்கச் சோம்பல் வரும், இடையில் காற்றும் போகாது. மூடி தளர்ந்த பெட்டிக்குத் தையல் கடை எலாஸ்டிக் நாடாவைத் தைத்து மாட்டலாம். சின்னப் பெட்டிகளை நான்கு வரை அடுக்குவதில் தவறில்லை.

எந்தத் தட்டில் எது என்பதற்கு அகரவரிசையும் நிறமும் இங்கே உதவாது. ஈரம் தாங்குபவை கீழே: ரம்மிக்யூப்பின் 106 பிளாஸ்டிக் கட்டைகள், அசூல் ஓடுகள், பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த 14 பெட்டிகள். அட்டையும் கார்டும் உள்ளவை 66 முதல் 138 வரை. அடிக்கடி ஆடுபவை கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவில். ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவை மேலே, ஆனால் பரணில் அல்ல. பரணில் ஓட்டுச் சூடு, ஒழுக்கு, எலி மூன்றும் இருக்கின்றன. பெட்டி முதுகில் இரண்டு வட்ட ஸ்டிக்கர்: ஒன்றில் எத்தனை பேர், ஒன்றில் எத்தனை நிமிடம். ஐந்து பேர் நிற்கும்போது எதை எடுப்பது என்ற விவாதம் இதனால் சுருங்கியது.

கேரமும் பழைய காய்களும்

கேரம் போர்டின் ஆடுகளம் 74 செ.மீ. சதுரம், சட்டத்தோடு 88 வரை வரும். சுவரில் சாய்த்து வைத்தால் ஈரமும் ஏறும், பிளைவுட்டும் வளையும். காய்ந்த சுவரில் இரண்டு கொக்கியில், பின்னால் ரீப்பர் கட்டை வைத்து, துணி உறை போட்டுத் தொங்கவிடுவது சரி. போரிக் பவுடரை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டே மாட்ட வேண்டும். ஈரத்துணி கூடாது. கேரம் ஆடும் இடமும் கார்டு ஆடும் இடமும் வேறாக இருக்கட்டும். பவுடர் படிந்த கார்டு குலுக்கும்போது வழுக்கி விழும், உறைக்குள் போனால் வெளியேறாது.

பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போட்டு வைத்தால் வண்டு துளைத்து மாவு கொட்டும். சோழி அல்லது மஞ்சாடி நல்லது. குன்றிமணி அழகுதான், ஆனால் அதன் பருப்பு கொடிய விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். குழிக்கு ஐந்து போட்டு ஆடினால் 70 வேண்டும். 12 குழியில் பன்னிரண்டும் நடுக்குழி இரண்டில் ஒவ்வொன்றும் போடும் வகைக்கு 146. இரண்டையும் சேர்த்து வைக்காமல் 70 ஒரு சுருக்குப் பையிலும், மீதி 76 இன்னொன்றிலும் வைத்தார்கள். பித்தளைத் தாயக்கட்டையில் களிம்பு ஏறும். புளி போட்டுத் தேய்த்து, கழுவி, முழுதும் உலர்ந்த பிறகே பையில் போட வேண்டும். அந்தப் பை அட்டைப் பெட்டிக்குள் போகக் கூடாது.

மேசை, மின்விசிறி, முறுக்கு

நான்கு பேருக்கு 90 செ.மீ. சதுர மேசை போதும், ஆறு பேருக்கு 90க்கு 150. மேசையை மின்விசிறிக்கு நேர் கீழே போடாதீர்கள். சித்திரையில் விசிறியை நிறுத்தி ஆட முடியாது, ஓடவிட்டால் மோனோபோலி நோட்டு பறக்கும். மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளி, கார்டுகளை 2 செ.மீ. விளிம்புள்ள தட்டில் வைத்ததும் தொல்லை தீர்ந்தது. காபி டபராவும் முறுக்குத் தட்டும் தனி முக்காலியில். எண்ணெய்க் கை பட்ட கார்டுக்கு எறும்பு வரும், கரப்பானும் வரும்.

ஆண்டுக் கணக்கு

பொங்கலுக்கு உறவினர் கூடும் நாட்களில்தான் பெட்டிகள் அதிகம் திறக்கின்றன, காய்களும் அதிகம் தொலைகின்றன. காணும் பொங்கலுக்கு மறுநாள் மூடித் தாளை வைத்து எண்ணுகிறார்கள். அறையைக் கூட்டுவது எண்ணி முடித்த பிறகுதான். பங்குனியில் காலை 11 முதல் 3 மணி வரை பெட்டிகளைத் திறந்து நிழலில், முற்றத் தாழ்வாரத்தில் காற்றாட வைப்பார்கள். நேர் வெயில் நிறத்தை வெளுக்கும். வளைந்த போர்டை உறிஞ்சும் தாள்களுக்கு இடையே வைத்து மேலே சமமான கனம் ஏற்றி மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் படியும். பூஞ்சணம் பிடித்த பெட்டி தனி: முதலில் காயவிட்டு, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை உள்ளே இறங்கும். ஆனி முடிவதற்குள் ஜெல் மாற்றி டப்பாக்களை அடைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவை ஆடுவதற்கு மட்டும் திறக்கும், முடிந்த அன்றே மூடும்.

புதிய அமைப்பில் ஒரு மழைக்காலம் கடந்த பின் ரேக்கின் நடுத்தட்டுகளில் வளைந்த போர்டு எதுவும் இல்லை. அடித்தட்டில் டப்பாவுக்கு வெளியே வைத்திருந்த ஒரு ஸ்கிராபிள் பெட்டியின் அடி மட்டும் மெத்தென்று ஆகியிருந்தது. அதை மேலே ஏற்றிவிட்டார்கள். தெற்குச் சுவரின் அடி மூன்றடிப் பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசும் வேலை பாக்கி இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன், வைகாசிக்குள், கொத்தனார் கிடைத்தால்தான் அது நடக்கும். அதுவரை அந்தச் சுவரோரம் எதுவும் வைக்கவில்லை.